கண்ணாடியில் ஆவி படிஞ்சா கை எங்கே போகும்?

மார்கழிக் காலை. தொரப்பள்ளியிலிருந்து கிளம்பி கிருஷ்ணகிரி ஹைவேயில் ஏறுறீங்க. குளிர்தானே, சார்ஜ் மிச்சமாகட்டும்னு ஏசியை ஆஃப் பண்ணியிருப்பீங்க. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி முழுக்க ஆவி! மூச்சின் ஈரத்தை உறிஞ்சுவதே ஏசிதான். உடனே டீஃபாக் போடணும். அது டச் ஸ்கிரீனில் எந்த மெனுவுக்குள்ளே? 80 கி.மீ வேகத்தில் 2 விநாடி திரையைப் பார்த்தால், கார் 44 மீட்டர் ஓடியிருக்கும். முன்னால் கன்டெய்னர் லாரி வேறு.

எலெக்ட்ரிக் கார்களில் பட்டன்கள் குறைஞ்சுட்டே வருது. தூத்துக்குடியில் தயாராகும் வின்ஃபாஸ்ட் விஎஃப் 7-ல் ஏசி குளிரை மாற்றுவதே 12.9 இன்ச் திரையில்தான். பார்க்க செம ஸ்டைல், சந்தேகமில்லை. ஆனால் 2022-ல் ஸ்வீடன் கார் இதழ் ஒன்று 110 கி.மீ வேகத்தில் சோதித்தபோது, ஏசி, ரேடியோ மாதிரியான நான்கு வேலைகளை முடிக்க, பட்டன்கள் உள்ள 2005 வால்வோ வி70-ல் 10 விநாடிதான் ஆனது. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் ஏறக்குறைய 45 விநாடி! யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் வைப்பர், இண்டிகேட்டர், ஹாரன், ஹசார்ட் விளக்குக்கெல்லாம் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறது.

டெஸ்ட் டிரைவுக்கு முன், நின்ற காரில் திரையைப் பார்க்காமல் டீஃபாக், ஃபேன், வைப்பரைப் போட்டுப் பாருங்க. டீஃபாக் மெனுவுக்குள் ஒளிஞ்சிருந்தால், ஷார்ட்கட்டாக முகப்புத் திரையில் வைக்க முடியுமான்னு கேளுங்க. வாய்ஸ் கமாண்டையும் விடாதீங்க. நம்ம உச்சரிப்பு அதுக்குப் புரியுதான்னு ஷோரூமிலேயே தெரிஞ்சுடும்.

சார்ஜ் பற்றிக் கவலையா? சார்ஜரைக் கழற்றுவதற்கு முன்பே ஆப் மூலம் ஏசியை ஓடவிடுங்க. அந்தக் கரன்ட் வீட்டு மீட்டரில் ஏறும், பேட்டரியில் பெரிசா குறையாது.