காவலரின் பலப்பிரயோகம்

காவலர் தம் கடமையின் நிமித்தம் ஒருவர்மீது கை வைப்பதும், தடியை ஓங்குவதும், துப்பாக்கியை இயக்குவதும் எப்போது நியாயம், எந்த அளவுக்கு நியாயம் என்று வரையறுக்கும் விதிகளின் தொகுதி. இந்தியாவில் இவ்விதிகள் ஓரிடத்தில் ஒருங்கே அமையாமல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், தண்டனைச் சட்டம் கூறும் தற்காப்புரிமையிலும், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை ஆதாரமாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளிலும், மாநிலக் காவல்துறைகளின் நிலையாணைகளிலும் பரவிக் கிடக்கின்றன. எனினும் இவை யாவும் வற்புறுத்துவது ஒன்றே: காரியம் நிறைவேற அவசியமான அளவுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அடியும் கடமையன்று, குற்றமே.

கைதுக்கு இணங்காமல் முரண்டுபிடிப்பவனை வசப்படுத்த அவசியமான வழிகள் அனைத்தையும் கையாளலாம் என்று அனுமதிக்கும் சட்டம், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவனுக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை அந்த அனுமதி தராது என்று உடனே எல்லை கட்டுகிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 46ஆம் பிரிவாக நின்ற இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 43ஆம் பிரிவாயிற்று. ஆகவே, பிக்பாக்கெட் திருடன் ஓடுகிறான் என்பதற்காக அவன் முதுகில் சுட எந்தக் காவலருக்கும் ஒருநாளும் அதிகாரம் இருந்ததில்லை.

ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிய சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து போகுமாறு ஆணையிடும் அதிகாரம், நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கும், காவல் நிலையப் பொறுப்பதிகாரிக்கும், அவர் இல்லாவிடில் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிக்கும் உண்டு. கூட்டம் ஆணைக்குப் பணியாதபோதோ, ஆணைக்கு முன்பே கலையப் போவதில்லை என்ற உறுதியை நடத்தையால் காட்டும்போதோ மட்டுமே பலத்தைப் பிரயோகிக்கலாம். நடைமுறையில் இது படிப்படியானது: ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தலையையும் கழுத்தெலும்பையும் தவிர்த்து நடத்தவேண்டிய தடியடி, எதுவும் பலிக்காதபோது, மறுபடி எச்சரித்து, தாழக் குறிவைத்து, எண்ணிக்கை குறிப்பிட்ட ஆணையின்மேல் சுடுதல். கூட்டம் கலையத் தொடங்கிய கணமே சுடுவது நிற்கவேண்டும். காயம்பட்டோரை மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். செலவான தோட்டாக்களுக்குக் கணக்கு எழுதவேண்டும். இயன்றவரை குறைந்த பலத்தையும் குறைந்த சேதத்தையுமே விளைவிக்கவேண்டும் என்ற வாசகம், கூட்டத்தைக் கலைக்க அழைக்கப்படும் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. அன்றாடம் மக்கள்முன் நிற்கும் காவலருக்கு அதை அதே தெளிவுடன் எழுதாமல் விட்டது பெருங்குறையாகும்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகமும் அதன் தொடர்ச்சியும் 13 உயிர்களைக் கொண்டன. அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், தூண்டுதல் ஏதுமின்றியே சுடப்பட்டது என்று முடிவுரைத்தது. அதன் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் கூட்டத்தைக் கலைத்த அதிகாரியை அரசின் முன்னனுமதியின்றி வழக்கில் நிறுத்தலாகாது என்னும் பாதுகாப்பு, இத்தகைய சம்பவங்களில் நீதியின் வழியை நெடுங்காலம் அடைத்துவிடுகிறது.

பிடிபட்டுக் காவலில் இருப்பவரை அடிக்க எவ்வித நியாயமும் இல்லை. வாக்குமூலம் பெறுவதற்காகக் காயம் விளைவிப்பது ஏழாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கைவிலங்கை வழக்கமாகப் பூட்டுவதை 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோ சில கொடிய குற்றங்களுக்கு அதை அனுமதிக்கிறது.

'என்கவுன்ட்டர்' எனப்படும் மோதல் மரணங்களில் காவலர் வேண்டும் விலக்கு தற்காப்புரிமையே. அதுவும் தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டாதது. பயங்கரக் குற்றவாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைக் கொல்வது காவல்துறையின் கடமையன்று என்று 2012இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2014 செப்டம்பர் 23இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும், சி.ஐ.டி.யோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ உயரதிகாரியின் மேற்பார்வையில் புலனாயவேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். மோதல் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப்பதக்கமோ கூடாது. இந்நெறிமுறைகள் மீறப்பட்டதாகக் கருதினால், இறந்தவரின் குடும்பத்தார் சம்பவம் நடந்த இடத்தின்மீது அதிகாரமுள்ள செஷன்ஸ் நீதிபதியிடம் நேரே முறையிடலாம். அவர் அம்முறையீட்டை ஆராய்ந்து பரிகாரம் காணக் கடமைப்பட்டவர்.