ரொட்டி வரிசையில் இல்லாத பெண்கள்

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் என்றதும் நினைவுக்கு வரும் புகைப்படங்களில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள். தொப்பியும் கசங்கிய கோட்டுமாக, இலவச ரொட்டிக்கும் சூப்புக்கும் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசைகளில் பெண்கள் ஏன் தென்படவில்லை என்று 1932இல் மெரிடல் லெ சூயர் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஒரு கட்டுரையில் கேட்டார். பெண்களும் வேலையிழந்திருந்தார்கள். ஆனால் தங்கள் பசியை வாடகை அறைகளுக்குள் மறைத்துக்கொண்டார்கள் என்பதே அவர் கண்டது.

1933இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அரசே வேலை கொடுக்க வேண்டும் என்று அவரது ‘புதிய ஏற்பாடு’ முடிவு செய்தது. அது பெரிய முடிவு. அதன் பெருமையை நான் குறைக்க விரும்பவில்லை. சாலைகள், பாலங்கள், பள்ளிகள், பூங்காக்கள் என அன்று கட்டியவற்றில் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. என் கேள்வி வேறு. வேலை கொடுக்க முன்வந்த அரசு, யாரைத் தொழிலாளி என்று எண்ணியது?

முதலில் தொடங்கியவற்றுள் ஒன்று குடிமக்கள் பாதுகாப்புப் படை. காடு வளர்க்கவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் இளைஞர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர்வரை வீட்டுக்குப் போனது. 1942வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். எலினார் ரூஸ்வெல்ட்டும் தொழிலாளர் துறை அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்சும் வற்புறுத்தியதால் பெண்களுக்கும் சில முகாம்கள் திறக்கப்பட்டன. 1937இல் அவை மூடப்படும்வரை பயனடைந்த பெண்கள் 8,500 பேர் அளவில்தான். ஆண்களைப் போல அவர்களுக்குக் காட்டு வேலையும் இல்லை, வீட்டுக்கு அனுப்பக் கூலியும் இல்லை. பத்திரிகைகள் அவற்றுக்குக் கேலிப்பெயர் சூட்டிச் சிரித்தன.

1935இல் வந்த பணிகள் முன்னேற்ற நிர்வாகம் இன்னும் பெரியது. எட்டு ஆண்டுகளில் 85 லட்சம் பேருக்கு அது வேலை கொடுத்தது. அதன் விதி ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே வேலை, அவர் குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். உடல் நலமுள்ள கணவன் வீட்டில் இருந்தால், அவனுக்கு வேலை இல்லாவிட்டாலும் மனைவி தலைவர் ஆகமாட்டாள். வேலை வேண்டுமென்றால் அவள் விதவையாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, நோயாளியின் மனைவியாகவோ தன்னை நிரூபிக்க வேண்டும்.

நிரூபித்து உள்ளே வந்தவர்களுக்கு என்ன வேலை? பாதிக்கும் மேற்பட்ட பெண்களின் கையில் ஊசியும் நூலும் கொடுக்கப்பட்டன. தையல் கூடங்களில் அவர்கள் தைத்த துணிகள் மருத்துவமனைகளுக்கும் ஏழைகளுக்கும் போயின. வீட்டில் கூலியில்லாமல் செய்ததை இங்கே கூலிக்குச் செய்தார்கள். அதுவும் ஒரு மாற்றம்தான். அந்தக் கூலியால் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. கென்டக்கி மலைகளில் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தக மூட்டைகளோடு ஓடைகளைக் கடந்துபோன நூலகப் பெண்களும் இதே திட்டத்தின் கூலியாட்கள்தான். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அவர்களே சான்று.

கறுப்பினப் பெண்களுக்கு இந்தக் கதவும் முழுதாகத் திறக்கவில்லை. தென் மாநிலங்களில் பருத்தி பறிக்கும் பருவம் வந்ததும் அவர்கள் நிவாரண வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, குறைந்த கூலிக்கு வயல்களுக்குத் தள்ளப்பட்டார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருமுனைகளில் வீட்டு வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துநின்ற பெண்களைப் பற்றி எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் 1935இல் எழுதினார்கள். அந்த இடத்தை அவர்கள் அடிமைச் சந்தை என்றே அழைத்தார்கள். அதே ஆண்டில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் ஓய்வூதியத்தில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் இடமில்லை. உழைத்துவந்த கறுப்பினப் பெண்களில் பெரும்பான்மையோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் கறுப்பு என்ற சொல்லும் இல்லை, பெண் என்ற சொல்லும் இல்லை.

அதற்கு முன்பே, ரூஸ்வெல்ட் வருவதற்குமுன், 1932இல் வந்த சிக்கனச் சட்டமும் இப்படித்தான். கணவன், மனைவி இருவரும் மத்திய அரசு ஊழியராக இருந்தால், ஆட்குறைப்பில் அப்படிப்பட்டவர்களை முதலில் நீக்க வேண்டும் என்றது அதன் 213ஆம் பிரிவு. யாரை என்று அது சொல்லவில்லை. வேலையிழந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். 1937இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அமெரிக்க அமைச்சரவையில் முதன்முதலாக ஒரு பெண் அமர்ந்திருந்தபோதே அது நடைமுறையில் இருந்தது.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். பொருள் தேடிப் பிரிபவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி என்று பாலைத் திணையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், அந்தப் பிரிவினை எத்தனை அரசாணைகளில் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது என்று யோசிக்கிறேன். வயலிலும் உப்பளத்திலும் உழைத்த பெண்கள் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் பொருள் தேடுபவர் யார் என்ற இலக்கணத்துக்குள் அவர்கள் வருவதில்லை.

2005இல் இந்தியா இயற்றிய வேலை உறுதிச் சட்டம் பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆனாலும் அந்த நூறு நாள் ஒரு குடும்பத்துக்கு. ஒரு பெண்ணுக்கு அல்ல. மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர்கள் என்று அன்றைய அமெரிக்கத் தொழிலாளர்களைக் கேலி செய்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று நம் ஊர்ப் பெண்களைச் சொல்கிறார்கள்.

அடுத்த மந்தம் வரும்போதும் அரசுகள் வேலைத் திட்டங்களை அறிவிக்கும். எத்தனை லட்சம் வேலை என்று கேட்பதற்கு முன்னால், விண்ணப்பத்தில் குடும்பம் என்று எழுதியிருக்கிறதா, ஆள் என்று எழுதியிருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும்.