யாழ்ப்பாணமும் திரைப்பட வாணிகமும்

திரைப்படம் கலையாகவும் விளங்குவது, வாணிகமாகவும் நடப்பது. கதையைப் படமாக்குவோர் யார், அதனால் வரும் பொருளைப் பெறுவோர் யார் என்னும் வினாக்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே விடை கிடைப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் படம் பார்ப்பதில் எவர்க்கும் பின்னிற்கவில்லை. வெலிங்டன், றீகல், வின்சர், ராணி, ராஜா, மனோகரா எனப் படமாளிகைகள் பல அந்நகரில் விளங்கின. ஆயினும், அம்மக்களின் வாழ்வைக் காட்டும் படங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே உள்ளன. இது பொருள் இல்லாமையால் நேர்ந்ததா? கலைஞர் இல்லாமையால் நேர்ந்ததா?

பொருள் இல்லாமையால் அன்று என்பதற்கு இலங்கைத் திரைப்படத் தொழிலின் தொடக்கமே சான்று. 1928 இல் சிலோன் தியேட்டர்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தவர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் என்னும் தமிழர். அவருக்குப் பின் சினிமாஸ் நிறுவனத்தைப் பெருக வளர்த்தவர் கே. குணரத்தினம். அவரும் தமிழரே. 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் தமிழரே, அப்படம் உருவானதும் மதுரையிலே. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய 'சந்தேசய' என்னும் படத்துக்கு 1960 இல் முதலிட்டவர் குணரத்தினம். தமிழரிடம் முதலும் இருந்தது. வாணிகத் திறனும் இருந்தது. ஆனால், அம்முதல் தமிழ்ப் படம் எடுக்கும் துறையை நாடவில்லை.

ஏன் நாடவில்லை என்பது ஓர் எளிய கணக்கு. சென்னையில் ஒரு படத்தை எடுப்பதற்கு நூறு ரூபா செலவாயிற்று எனக் கொள்வோம். அந்த நூறு ரூபாவையும் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டிகளே திருப்பித் தந்துவிடும். இலங்கையில் அதனை இறக்குமதி செய்பவர் உரிமைக்கும் பிரதிகளுக்கும் சிறு தொகை கொடுத்தாற் போதும். கதாநாயகர் பெயரும் பாட்டும் படத்துக்கு முன்னரே கடல் கடந்து வந்துவிடும். இலங்கை வானொலி அப்பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. உள்ளூரில் ஒருவர் தமிழ்ப் படம் எடுப்பாராயின், அவர் தம் முழுச் செலவையும் இத்தீவின் சிறு தொகைத் தமிழரிடமிருந்தே பெறுதல் வேண்டும். நுழைவுச்சீட்டின் விலையோ இரண்டுக்கும் ஒன்றே. சிங்களப் படத்துக்கு இந்த இடர் இல்லை. சிங்களத்திலே படம் எடுத்து அனுப்பும் அயல்நாடு வேறொன்று இல்லாமையால், அம்மொழி பேசுவோர் அனைவரும் அதற்கே உரிய சந்தையாயினர். ஒரே மொழி பேசும் பெரிய அயலகம் அருகிலிருந்தது தமிழ் இரசிகர்க்குப் பேறு. ஈழத்துப் படத் தயாரிப்பாளர்க்கோ அதுவே பெருமரத்து நிழலாயிற்று.

எனினும், முயன்றவர்கள் இருந்தனர். 1962 இல் 'சமுதாயம்' என்னும் படம் பதினாறு மில்லிமீற்றர்ச் சுருளில் வெளிவந்தது. 1966 இல் வெளிவந்த 'கடமையின் எல்லை' ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைத் தழுவியது. ஆகவே, கலைஞர் இல்லை என்றும் கூறுதற்கில்லை.

படமாளிகைகளையும் விநியோகத்தையும் ஒரு சில நிறுவனங்களே ஆண்டமை உள்ளூர்க் கலையைத் தடுக்கின்றது என்னும் குறை நாடெங்கும் எழுந்தது. ரெஜி சிறிவர்த்தன தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1965 இல் இத்தொழில் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவாகி, 1972 இல் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு வந்தன.

இதன் பயனைக் குடாநாட்டுக் கமக்காரர் எளிதில் உணர்வர். அக்காலத்தில் வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத் தோட்டங்கள் செழித்தன. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அதே கமக்காரர் விலை வீழ்ச்சியால் வருந்தினர். திரைப்படத்துக்கும் இத்தகைய குறுகிய வசந்தம் ஒன்று வாய்த்தது. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இல் வெளிவந்தது. வி. பி. கணேசனின் 'புதிய காற்று' 1975 இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜா, குடாநாட்டுக் குடும்ப வாழ்வைப் 'பொன்மணி'யில் காட்டினார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978 இல் திரையேறியது. இவற்றுள் சில ஆதரவு பெற்றன, சில பெறவில்லை. நிழல் சற்று விலகினாற் கன்று தளிர்க்கும் என்பது மட்டும் தெளிவாயிற்று.

அத்தளிர் நிலைக்கவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா படமனை எரியூட்டப்பட்டது. 1989 இல் அவரும் கொலையுண்டார். இதற்கிடையில் 1982 இல் ரூபவாகினி தொடங்க, வீடியோ நாடாக்களும் பரவின. மக்கள் 'டெக்' என வழங்கிய கருவியை வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் இருந்து விடியவிடியப் படம் பார்த்தனர். நாடாவுக்கு வாடகை பெற்றவர் கடைக்காரர். படம் எடுத்தவர்க்கு அதில் பங்கில்லை. 1990 இல் குடாநாட்டின் மின்சாரமும் துண்டிக்கப்பட, படமாளிகைகளின் கதை போரின் கதையோடு கலந்துவிட்டது.

போர் 2009 இல் முடிந்தபின், 2013 இல் யாழ் நகரில் புதுமுறைத் திரையரங்குகள் கொண்ட வணிக வளாகம் திறக்கப்பட்டது. 2015 முதல் அனைத்துலகத் திரைப்பட விழாவும் நடைபெறலாயிற்று. அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்திலே எடுத்த 'இனி அவன்' என்னும் தமிழ்ப் படம் 2012 இல் வெளிநாட்டு விழாக்களை அடைந்தது. இன்று படச்சுருள் இல்லை. கைக்கடக்கமான கருவியே படம் பிடிக்கின்றது. தயாரிப்புச் செலவு குறைந்துவிட்டது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் ஈழத் தமிழர் இணையத்தின் வழியே புதிய சந்தையாகியுள்ளனர்.

எனினும், பழைய கணக்கு முற்றாக மாறிவிடவில்லை. சென்னைப் படம் இன்று சுருளாகக் கப்பலேறி வருவதில்லை. அது வெளியாகும் நாளிலேயே யாழ்ப்பாணத்தையும் எட்டுகின்றது. ஆகவே, எடுப்பது எளிதாயினும், எடுத்ததை விற்பது இன்னும் அரிதே. படமாளிகைகளின் பெருக்கம் மட்டும் ஒரு மக்களுக்குக் கலையைத் தந்துவிடாது என்பதே குடாநாட்டின் அனுபவம். நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு தம்மூர்க் கதையையும் சென்றடையும் வழி வகுக்கப்படும்பொழுதே, பார்ப்பவராக மட்டும் இருந்த மக்கள் படைப்பவராகவும் ஆவர்.