22 வருடம் பெட்டியில் கிடந்த முஹம்மத் அலி



முஹம்மத் அலியைத் தெரியாதவர்கள் நம்மிடையே குறைவு. 1974 ஒக்டோபர் 30இல் ஸயீர் நாட்டுத் தலைநகர் கின்ஷாஸாவில் ஜோர்ஜ் போர்மனை 8ஆவது சுற்றில் வீழ்த்தியதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களை நமக்காகச் சேமித்து வைத்த மனிதரைப் பற்றிப் பேசுவோர் அரிது. அவர் பெயர் லியோன் காஸ்ட்.

1936இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்தவர். அவர் கின்ஷாஸாவுக்குப் போனது குத்துச்சண்டையைப் படம் எடுக்க அல்ல. போட்டியை ஒட்டி ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங், மிரியம் மகேபா போன்றோர் பாடும் 3 நாள் இசை விழா ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அதைப் படமாக்கத்தான் போனார்.

அங்கே நடந்தது வேறு. பயிற்சியின்போது போர்மனின் கண்ணுக்கு மேலே வெட்டுக் காயம் ஏற்பட்டது. செப்டெம்பரில் நடக்கவிருந்த போட்டி ஒத்திவைக்கப்பட்டது. இசை விழா நடந்து முடிந்தது. காஸ்ட் ஊர் திரும்பவில்லை. கமராவோடு அலியின் பக்கம் நின்றார்.

அந்த வாரங்களில்தான் நமக்குக் கிடைத்த அலி இருக்கிறார். ஓடுகிறார், பிள்ளைகளோடு விளையாடுகிறார், ஓயாமல் பேசுகிறார். வியட்நாம் போருக்குப் போக மறுத்து 1967இல் பட்டத்தை இழந்த மனிதர், 32 வயதில், தன்னைவிட 7 வயது இளைய சம்பியனுக்கு முன்னால் நிற்கப் போகிறார். வெல்வார் என்று நினைத்தவர்கள் சொற்பம். போட்டியின் முடிவைப் பத்திரிகை சொல்லிவிடும். அதற்கு முன்னைய பயத்தையும் துணிவையும் கமராதான் சொல்ல முடியும்.

பிறகு வந்தது சோதனை. படத்துக்குப் பணம் போட்டவர்களோடு பிரச்சினை. வழக்குப் பேசித்தான் படச்சுருள்கள் காஸ்டின் கைக்கு வந்தன. கை சேர்ந்தபோது அவற்றைக் கழுவித் தொகுக்கப் பணமில்லை. வேறு படங்கள் எடுத்துப் பிழைத்தார். பெட்டிகளை மட்டும் விடவில்லை.

கடைசியில் டேவிட் சொனன்பேர்க் என்பவரின் உதவியோடு 1996இல் 'வென் வீ வேர் கிங்ஸ்' வெளிவந்தது. போட்டி நடந்து 22 வருடங்களுக்குப் பிறகு! 1997இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் கிடைத்தது. அந்த மேடைக்கு ஏற நடுக்கத்தோடு வந்த அலியின் கையைப் பிடித்து உதவியவர் யார் தெரியுமா? அன்று தோற்ற போர்மன்.

தாமதம் வெறும் நட்டமாகவும் போகவில்லை. 1974இலேயே வந்திருந்தால் அது ஒரு இசை விழாப் படமாக இருந்திருக்கும். 1996இல் பார்கின்சன் நோய் அலியின் பேச்சைக் குறைத்துவிட்டிருந்தது. அவரது குரலைக் கேட்டிராத ஒரு தலைமுறை, இந்தப் படத்தில்தான் அதைக் கேட்டது. மிஞ்சிய இசைக் காட்சிகளில் இருந்து 2008இல் 'சோல் பவர்' என்று இன்னொரு படமும் பிறந்தது.

ஒன்றையும் மறக்கக் கூடாது. அந்தப் போட்டிக்கு வீரர் ஒருவருக்கு 50 இலட்சம் டொலர் என்ற தொகைக்குப் பின்னால் நின்றவர் மொபுட்டு என்ற சர்வாதிகாரி. மக்களின் வறுமைக்கு நடுவே தன் பெயருக்காக நடத்திய விழா அது. படம் இதையும் மறைக்கவில்லை. புகழுரை வேறு, வரலாறு வேறு.

அலி 2016இல் போனார். காஸ்ட் 2021இல், போர்மன் 2025இல். மூவரும் இல்லை. பெட்டியில் காத்தது இருக்கிறது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். உதைபந்தாட்டக் கழகம் இல்லாத ஊர் நம்மிடம் உண்டா? அந்தக் காலத்து வீரர்களின் புகைப்படங்கள் எத்தனை வீட்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன? நமக்கு ஒஸ்கார் வேண்டாம். படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். வாப்பா, அப்பா, நானாமார் பேசும்போது போனில் பதிவு செய்யுங்கள். தொகுப்பதற்கு ஆள் 22 வருடம் கழித்தும் வரலாம், இன்ஷா அல்லாஹ். எறிந்துவிட்டால் வந்தும் பயனில்லை.