அம்மி கொத்தாத பல்

விளாதிமிர் கோவலெவ்ஸ்கியிடம் நான் போய்ச் சேர்ந்தது அவருடைய மனைவி வழியாகத்தான். கணிதமேதை சோஃபியா கோவலெவ்ஸ்கயாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம். வெளிநாடு போய்ப் படிப்பதற்காகவே 1868இல் சோஃபியா பெயருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் 'பெயருக்கு' மாப்பிள்ளைதான் விளாதிமிர். நான் படித்தவற்றில் அவருக்குக் கிடைத்தது இரண்டே வரி: கடன்பட்டார், செத்துப்போனார். மூன்றாவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அது குதிரையின் பல்லைப் பற்றியது.

ஆள் படித்தது சட்டம். பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் புத்தகங்களை மொழிபெயர்த்துப் பதிப்பித்தார். டார்வினின் ஒரு நூல் ஆங்கிலத்தில் வருவதற்கு முன்பே அதை ரஷ்ய மொழியில் கொண்டுவரத் தொடங்கியவர். மனைவி ஜெர்மனியில் கணக்கு போட்டுக்கொண்டிருக்க, இவர் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் புதைபடிவ எலும்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். 1872இல் யேனாவில் முனைவர் பட்டம். 1873இல் ஆங்கிதேரியம் என்ற மூன்று விரல் குதிரையைப் பற்றிய ஆய்வு.

அந்தப் பழைய குதிரையின் கடைவாய்ப் பற்கள் குட்டையானவை, இலை மெல்லத் தோதானவை. இன்றைய குதிரைக்கோ பல் நெடுநெடுவென்று தாடைக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. இடையில் என்னதான் நடந்தது?

முதலில் நம் வாயைப் பார்ப்போம். நம் பல்லின் வேரைச் சிமெண்டம் என்ற மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. பல்லைத் தாடையோடு கட்டும் நார்களுக்கு அதுதான் பிடிமானம். ஈறுக்குள் மறைந்தே கிடப்பதால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. குதிரையிடம் இந்தச் சிமெண்டம் வேரோடு நிற்காமல் மேலேயும் ஏறிவிடுகிறது. பல் முளைக்கும் முன்பே, தாடைக்குள்ளேயே எனாமல் மடிப்பு மடிப்பாக உருவாகிவிடும். எனாமலை உண்டாக்கிய உறை சிதைந்து விலகியதும், பல்லைச் சூழ்ந்த பையிலிருந்து வரும் செல்கள் அதன்மேல் சிமெண்டத்தைப் படியவைத்து மடிப்புகளை நிரப்புகின்றன. கொத்தனார் சந்துகளில் கலவை அடைப்பதுபோல.

வெறும் பூச்சுதானே என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கு. எனாமல் ரொம்பக் கடினம். டென்டினும் சிமெண்டமும் அதைவிட மென்மை. மெல்ல மெல்ல மென்மையானவை சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும்; எனாமல் மேடாக நிற்கும். அம்மி வழுவழுப்பாகிவிட்டால் கொத்த ஆள் கூப்பிட வேண்டும். குதிரையின் பல் தேயத்தேயத் தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது. தேய்ந்த அளவை ஈடுகட்ட ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலெழும்புகிறது. எழும்பும் பல்லைப் பிடித்துக்கொள்ள ஈறுக்குள் புதுச் சிமெண்டம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? புல்லுக்கு. புல்லுக்குள் சிலிக்கா துகள்கள் உண்டு. தரையோடு மேய்ந்தால் மண்ணும் சேர்ந்தே வாய்க்குள் போகும். இரண்டும் பல்லை அரித்துவிடும். நிலத்தில் புல் பரவியதற்கும் பல் உயர்ந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னவர் கோவலெவ்ஸ்கி. எலும்பை அளந்து பெயர் வைப்பதோடு நிற்காமல், பல்லிலிருந்து தீனியையும் தீனியிலிருந்து நிலத்தையும் வாசித்தார்.

ஆனால் வம்சாவளியில் சறுக்கிவிட்டார். ஐரோப்பியப் புதைபடிவங்களையே குதிரையின் நேர் மூதாதையர் என்று வரிசைப்படுத்தினார். குதிரை உருவானது வட அமெரிக்காவில் என்பதை மார்ஷ் திரட்டிய எலும்புகள் காட்டின. 1876இல் அவற்றை நேரில் பார்த்த ஹக்ஸ்லியும் ஐரோப்பிய வரிசையைக் கைவிட்டார். ஆங்கிதேரியம் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த ஒரு பக்கக் கிளை மட்டுமே. ஆனாலும் அமெரிக்க வரிசையிலும் கதை அதேதான்: குட்டைப் பல் குதிரைகளுக்குப் பின்னால், உயர்ந்த, சிமெண்டம் பூசிய பல்லோடு மெரிஹிப்பஸ் வருகிறது. வரிசை தப்பு, வாசிப்பு சரி.

ரஷ்யா திரும்பியவரைத் தொழில் முதலீடுகளும் கடன்களும் விழுங்கின. 1883இல், 40 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் சோஃபியா பாடம் நடத்த ஸ்டாக்ஹோம் போனார். வரலாற்றின் கவனமும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

இப்போதெல்லாம் யாராவது சோஃபியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அவங்க வீட்டுக்காரர் பல்லைப் பத்தி எழுதினாரே, தெரியுமா?" என்று நான் குறுக்கே புகுந்துவிடுகிறேன்.