கர்ட் ஃபிளட் தொடுத்த வழக்கு

ஆட்டத்தைப் பார்க்கும் நாம், ஆடுபவர் கையெழுத்திட்ட ஒப்பந்தச் சீட்டைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பேஸ்பால் ஒப்பந்தங்களில் ஏறக்குறைய நூறாண்டுகள் நிலைத்திருந்த ஒரு விதியின் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1879-ஆம் ஆண்டில் தேசிய லீகைச் சேர்ந்த குழு முதலாளிகள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வொரு குழுவும் குறிப்பிடும் ஐவரைப் பிற குழுக்கள் அழைத்துக்கொள்ளலாகாது என்பதே அது. நாளடைவில் ஐவர் என்பது அனைவரும் என்றாயிற்று. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், ஆயினும் அதனை மேலும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. நீட்டிய ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்குமன்றோ? செக்கைச் சுற்றும் மாட்டுக்குப் பாதை முடிவதில்லை. வேறு குழுவுக்கு விற்றால் ஆட்டக்காரர் அங்கே போகவேண்டும். மறுத்தால் ஆட்டத்தையே விடவேண்டும். ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலைக் கட்டுப்படுத்தாது என 1922-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறந்து விளங்கியவர் கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரர். 1969 அக்டோபரில் அவரைக் கேளாமலே பிலடெல்பியாக் குழுவுக்கு மாற்றினர். தாம் வாங்கி விற்கப்படும் உடைமை அல்லர் என்று பேஸ்பால் ஆணையருக்கு எழுதிவிட்டு, அவர் வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் பெறுபவர்க்கு என்ன குறை என்று கேட்டோர் பலர். ஊதியத்தின் அளவு வேறு, தம் உழைப்பை யாருக்கு அளிப்பது என்று தாமே முடிவு செய்யும் உரிமை வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

1970-இல் விசாரணை நடந்தபோது, அன்று ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவரேனும் சாட்சி கூற வரவில்லை. ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்கும் வந்தனர். 1972-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். பழைய தீர்ப்பு முரணானது என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகளே, திருத்தும் பொறுப்பைச் சட்டமன்றத்தின் தலையில் கட்டினர்! அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்துவிட்டிருந்தது.

ஆனால் கேள்வி மடியவில்லை. மெசர்ஸ்மித், மெக்நாலி என்னும் இருவர் 1975-இல் கையெழுத்திடாமலே ஆடினர். நீட்டிப்பு ஒரே ஒரு முறைதான் செல்லும் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் அவ்வாண்டு டிசம்பரில் முடிவு கூறினார். ஆறாண்டு ஆடியவர் விரும்பிய குழுவில் சேரலாம் என 1976-இல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு சுமார் 51,000 டாலராக இருந்த சராசரி ஊதியம், 1992-இல் பத்து இலட்சத்தைக் கடந்தது. தொலைக்காட்சி கொணர்ந்த பெரும்பணத்தில் வீரர்க்கும் பங்கு கிட்டியது. ஆட்டமே அழியும் என முதலாளிகள் அஞ்சியது நடக்கவில்லை.

அக்காலத்து வீரர்கள் ஒரே குழுவுக்கு விசுவாசமாக இருந்தனர், இன்றையோர் பணத்தின் பின் ஓடுகின்றனர் என்று வருந்துவோர் உண்டு. வெளியே செல்லக் கதவே இல்லாத வீட்டில் தங்கியிருப்பதை விசுவாசம் என்பது எனக்கு உடன்பாடன்று.

ஃபிளட் 1997 ஜனவரியில் காலமானார். பேஸ்பால் வீரர்க்கும் ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பை அளித்து 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.