கிறித்தவ ஊசிக்கலை (தென் தமிழகம்)

சிலுவை, ஆட்டுக்குட்டி, மீன், திராட்சைக் கொத்து, கோதுமைக் கதிர், தன் குருதியால் குஞ்சுகளைக் காக்கும் பெலிக்கான் முதலிய சமயக் குறியீடுகளை ஊசிகொண்டு துணியிலோ கம்பளியிலோ உருவாக்கும் கலை. மேலைநாடுகளில் இதன் ஒரு கிளை கம்பளிக் குத்துவேலை. ஓரங்களில் வெட்டுள்ள ஊசியால் ஆட்டுரோமத்தை ஓயாமல் குத்தினால் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று பற்றி இறுகும். கிறிஸ்துமஸ் குடில் உருவங்களை இப்படிச் செய்வர். மதுரைச் சமவெளியின் மரபில் இது இல்லை. தென் மாவட்டங்களின் கீழக்கரிசல் ஆடு இறைச்சிக்கானது, அதற்குக் கம்பளி கிடையாது. மென்கம்பளி தருவது நீலகிரி ஆடு. மதுரைப் பேராயர் அணியும் பாலியம் என்னும் கழுத்துப்பட்டை மட்டும் கம்பளியில் நெய்தது, ஆறு கருஞ்சிலுவைகள் கொண்டது.

இங்கு ஊசி பற்றியது நூலையே. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டுடன் 1819இல் நாகர்கோவில் வந்த அவர் மனைவி மார்த்தா, பெண்கள் விடுதிப் பள்ளியில் ரேந்தை (லேஸ்) பின்னலைத் தொடங்கிவைத்தார். இறுக்கமான தலையணைமேல் வரைபடம் விரித்து, கோடுதோறும் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது இம்முறை. அடிமைப்பட்ட குடும்பங்களின் சிறுமியர் சிலர் இவ்வருவாயால் விடுதலை பெற்றனர். நாகர்கோவில் அன்றிருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததோ 1855இல்தான். மார்த்தாவின் மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிக்கு இத்தொழிலைக் கொண்டுசென்றார். மிஷன் வரலாறுகள் தாயையும் மகளையும் விரிவாகப் போற்றுகின்றன. பின்னிய சிறுமியரின் பெயர்களை அவற்றில் காண்பது அரிது. கலை அவர்களுடையது.

சீர்திருத்தச் சபையினர் ஆலய அலங்காரத்தில் சிக்கனம் காட்டியதால் அவர்களின் ரேந்தை பெரும்பாலும் விற்பனைக்கே போனது. குறியீடுகள் செழித்தது கத்தோலிக்க மடங்களில். 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரிய லூயிஸ் தே மேஸ்தர், அங்கிருந்த அநாதைச் சிறுமியருக்கு வாழ்வளிக்கத் தொடங்கிய சபை, ரேந்தையையும் பூத்தையலையும் அவர்களுக்குக் கற்பித்தது. பூசை உடை, தோள்துகில், பீடத்துணி ஆகியவை இக்கலைக்குரிய இடங்கள். உடையின் நிறம் திருவழிபாட்டுக் காலத்தைப் பொறுத்தது: தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்காவுக்கு வெள்ளை, மறைசாட்சியர் விழாவுக்குச் சிவப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் குறியீடுகளில் குத்துவிளக்கும் தாமரையும் சேர்ந்தன.

இன்று பூத்தையலில் கணினிப் பொறிகளும் பயன்படுகின்றன.